தாருக்குக் கொடுக்கும் ஓய்வு

சாலைக்குப் போடும் தாரைச் சித்திரவதை செய்து பார்ப்பது என் வேலை. ராஜகீழ்ப்பாக்கத்துப் பரிசோதனைக் கூடத்தில், காசளவு தாரை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்தால் மெஷின் அதை இப்படியும் அப்படியும் முறுக்கும். உள்ளே விரிசல் விட்டுத் தளர்ந்ததும் ஓய்வு கொடுப்போம். விரிசல் தானாகவே கூடிக்கொள்ளும். மறுபடி ஒருமுறை முறுக்கி, எவ்வளவு தேறியது என்று ரிப்போர்ட்டில் எழுதுவோம்.

வீட்டில் முறுக்குகிறவன் என் புருஷன். முதல் தடவை கையை முறுக்கினான். அடுத்த தடவை தலையைச் சுவரில் மோதினான். காதுக்குப் பின்னால் நாலு தையல். இரண்டு தடவையும் கீழ்க்கட்டளையில் அண்ணன் வீட்டில் பத்து நாள் கிடந்தேன். வீக்கம் வடிந்ததும் அண்ணனே பைக்கில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றார். அவர் அண்ணியை ஒருநாளும் அடித்ததில்லை. சொல்வதற்கென்ன.

மூன்றாம் தடவை இடுப்பில் உதைத்தான். மறுபடி அண்ணன் வீடு. அங்கிருந்தே வேலைக்குப் போனேன். மனசு நிலையில் இல்லாமல், ஒரு சாயங்காலம் மெஷினை நிறுத்த மறந்துவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் அது முறுக்கி, ஓய்வு கொடுத்து, திரும்பத் திரும்ப முறுக்கியபடி ஓடிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு ஓய்வுக்குப் பிறகும் தார் நன்றாகத்தான் தேறியிருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சீக்கிரம் உடைந்திருந்தது. நாங்கள் எழுதுவது தேறியதை மட்டும்தான்.

அன்று மதியமே என் புருஷன் பரிசோதனைக் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டான். தாரை உருக்கும் ஓவனிலிருந்து டப்பாவை இடுக்கியால் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"இன்னாடி, வூட்டுக்கு வரமாட்டியா?" என்று கொண்டையைப் பிடித்து இழுத்தான். ஒரு கொத்து முடி அவன் கையோடு போனது.

சூடான தார் பட்டால் தோலோடுதான் உரியும். தெரிந்தேதான் அவன் முகத்துக்கு நேராகத் தூக்கினேன். பொய் சொல்ல மாட்டேன், ஆசையாக இருந்தது. எப்படியோ கையைத் தாழ்த்தி, அவன் காலடியில் கவிழ்த்தேன். கால் சுண்டுவிரலில் கொஞ்சம் பட்டது. தாரில் ஒட்டிக்கொண்ட செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, அலறிக்கொண்டு ஒற்றைக் காலில் ஓடினான். எனக்கு அப்போது பரிதாபம் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

பத்து நாள் கழித்து அண்ணன் வழக்கம்போல் பைக்கைத் துடைத்தார்.

"மாப்பிள்ளைக்குக் கால் ஆறிடுச்சாம். உனக்கும் வலி போயிடுச்சு இல்ல? கெளம்பு."

"போயிடுச்சுண்ணா. ஒவ்வொரு தடவையும்தான் தேறிடறேன். ஆனா முன்னவிடச் சீக்கிரமா ஒடையறேன். அடுத்த தடவை நீ என்னை பைக்ல இங்க கூட்டிட்டு வர முடியாது. ஆம்புலன்ஸ்தான்."

அண்ணன் என் காதுக்குப் பின்னால் இருந்த தழும்பையே பார்த்தார். பிறகு உள்ளே போய் பைக் சாவியை ஆணியில் மாட்டினார்.