தொட்டி விளக்குக்கு நான் வைத்த டைமர்

மீன் தொட்டிக்குக் கண்ட்ரோலர் வாங்கியபோது கடைக்காரர் அரைமணி நேரம் விளக்கம் சொன்னார். கேட்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்து மோட்டார்களுக்குப் பேனல் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. துடியலூரைச் சுற்றி எத்தனையோ கிணறுகளில், வீட்டில் உட்கார்ந்தபடி போனை அழுத்தினால் மோட்டார் ஓடுவது என் கைவேலை. என்னிடம் போய் ரிலே என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தார், பாவம்.

பெட்டி சின்னதுதான். ஹீட்டர், பேன், பில்டர், விளக்கு என்று நாலு பிளக் சொருகலாம். தண்ணீருக்குள் ஒரு சென்சார் ஒயர் தொங்கும். இருபத்தெட்டு டிகிரி என்று சொல்லி வைத்துவிட்டால் மார்கழிக் குளிரில் ஹீட்டரைப் போடும், சித்திரை வெயிலில் பேனைச் சுற்றவிடும். ஆனால் நான் அதை வாங்கியது தண்ணீருக்காக இல்லை, என் மகளுக்காக.

என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு ஆனைமலையில் தன் பிறந்த வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காரணம் என் வாய். கோபம் வந்தால் என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்கு மட்டும் ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது. கிளம்புகிற அன்று மகள் தொட்டிக்கு முன்னால் நின்று, "இனி லைட்டு யாருங்கப்பா போடுவாங்க?" என்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டியின் நீல விளக்கைப் போடுவது அவள் வேலை. "நீதான் கண்ணு போடுவ, அங்கிருந்தே" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே கண்ட்ரோலரை மாட்டி, அவள் போனிலிருந்தும் அதை இயக்குகிற மாதிரி செய்துகொடுத்தேன்.

அதிலிருந்து ஆறரைக்குள் வீடு சேர்ந்துவிடுவேன். டீயைப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு எதிரே உட்காருவேன். ஏழு மணிவாக்கில் பெட்டிக்குள் 'டிக்' என்று ரிலே சுவிட்ச் விழும், விளக்கு எரியும். பொள்ளாச்சிக்கும் அந்தப் பக்கம் இருக்கிற என் பிள்ளை இந்த நிமிஷம் என்னை நினைத்தாள் என்று அர்த்தம். ஏழே காலுக்கு எரிந்தால் டியூஷன் நாள். ஆறரைக்கே எரிந்தால் ஏதோ சந்தோஷம். கணக்கில் நிறைய மார்க் வாங்கிய அன்று மூன்று முறை அணைந்து அணைந்து எரிந்தது. போனில் அவள் அதிகம் பேசமாட்டாள். 'சாப்டீங்களா', 'ம்', 'போனை வெச்சறட்டுங்களா', அவ்வளவுதான். அவள் என்னிடம் பேசியதெல்லாம் அந்த விளக்கில்தான்.

இந்த வருஷம் அரையாண்டுப் பரீட்சை நெருங்கியது. பிள்ளைக்குப் படிக்கிற வேலை தலைக்குமேல் இருக்கும், இதற்கென்று போனை எடுப்பானேன் என்று தோன்றியது. என் தொழில்புத்தி அப்படி. ஒருவர் தினமும் கையால் செய்கிற வேலையைக் கண்டால் அதற்கு ஒரு டைமரை மாட்டாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. ஏழு முதல் ஒன்பது வரை விளக்கு தானாக எரிகிற மாதிரி வைத்துவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேன்.

மறுநாள் டீயோடு உட்கார்ந்தேன். சரியாக ஏழுக்கு 'டிக்' என்றது. நான் போட்ட விளக்கையே நான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதே டைமரை எடுத்திருக்கலாம். அவளாகக் கேட்கட்டும் என்று இருந்தேன். போனில் பார்த்துவிட்டு ஏன் டைமர் வைத்தீர்கள் என்று கேட்பாள், சண்டை பிடிப்பாள் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். அவள் கேட்கவே இல்லை. பரீட்சை முடிந்தது, பள்ளி திறந்தது, ஒரு மாதம் ஓடியது. அவளுக்குத் தொட்டியும் மறந்துவிட்டது, அப்பனும் மறந்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். கோபம் வந்து டைமரை அழித்தேன். அவளுக்கு வேண்டுமானால் போடட்டும்.

முதல் நாள் தொட்டி இருட்டாகவே கிடந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. எட்டு மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன். ஒரே ஒரு 'டிக்' கேட்டால் போதும் என்றிருந்தது.

மூன்றாம் நாள் ஏழரைக்குப் போன் வந்தது. என் மனைவி. போனதிலிருந்து அவளாக என்னைக் கூப்பிட்டதில்லை.

"ஏனுங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"மூணு நாளா தொட்டி லைட்டு எரியலையாம். அப்பாவுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பாப்பா அழுதுட்டு இருக்கறா. சொன்னாக் கேக்கமாட்டேங்கறா. இந்தாங்க, நீங்களே பேசுங்க."

மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நான் நல்லாத்தான் கண்ணு இருக்கறேன். லைட்டு எரியலைன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"தெனமும் போன்ல பாப்பனுங்கப்பா. எரியுதான்னு பாத்துட்டுத்தான் படிக்க உக்காருவேன்."

"எரியலைன்னா நீயே போட்டிருக்கலாமல்ல?"

"நீங்கதான் டைமர் வெச்சுட்டீங்களே. நான் போடறது உங்களுக்குப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேனுங்கப்பா."

வாயைத் திறந்தால்தான் நான் மனிதர்களைப் புண்படுத்துவேன் என்று நினைத்திருந்தேன். வாயே திறக்காமல், பெற்ற பிள்ளையை ஒரு மாதம் எட்ட நிறுத்தியிருக்கிறேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன், வரவில்லை.

"இப்பப் போடு, அம்மணி" என்றேன்.

'டிக்' என்றது. தொட்டி முழுக்க நீல வெளிச்சம் பரவியது.

"எரியுதுங்களா?"

"எரியுது கண்ணு."

அடுத்தது 'வெச்சறட்டுங்களா' என்பாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அதற்குள் முந்திக்கொண்டு, ஒவ்வொரு மீனும் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் 'ம்' கொட்டிக்கொண்டே வந்தாள். தொட்டியில் இருந்தது ஐந்தே ஐந்து மீன். ஐந்தாவதைச் சொல்லி முடித்ததும் முதல் மீனிலிருந்து மறுபடி தொடங்கினேன்.