பெரியப்பாவின் தொப்பை

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள் இருந்தன. பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு தொப்பைதான். அது என் பெரியப்பாவுடையது. அவர் துரை பங்களாவில் சமையல்காரர். அங்கே மிஞ்சிய வெண்ணெயும் புட்டிங்கும் பல வருடங்களாக அவர் வயிற்றில் சேர்ந்திருந்தன. பொகவந்தலாவைக் கடைத்தெருவில் எங்கள் ஆட்கள், "அந்தப் பங்களாக்காரர் எங்க லயம்தான்" என்று சொல்லிக்கொள்வார்கள். பிள்ளைகளான நாங்கள் அந்தத் தொப்பையில் சாய்ந்துகொண்டு கதை கேட்போம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு நாள் பங்களாவுக்கு ஏறும் படியில் பெரியப்பா மயங்கி விழுந்தார். நான்கு பேர் சேர்ந்து தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கிருந்த மருந்தையா ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் பெரியப்பாவின் சிறுநீரைச் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் செங்கல் நிறமாகிவிட்டது. நான் கைதட்டப் போனேன். மருந்தையாவின் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டேன். சீனி வியாதி முற்றியிருக்கிறது என்றார் அவர்.

பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. சீனியை விடு, சோற்றைப் பாதியாக்கு, கீரையும் காய்கறியும் நிறையச் சாப்பிடு, தினமும் நட என்றார். பிறகு, "சீனி இல்லாதவனுக்குத்தான் இது நீலமாவே நிக்கும். ஒனக்கு ஒரே மாசத்துல அப்படி நிக்கும்னு நெனைக்காத. செங்கல் மொதல்ல மஞ்சளாகட்டும், அப்புறம் பச்சையாகட்டும். பச்சையே ஒனக்குப் போதும்" என்றார்.

பெரியப்பா யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகியவர் அல்ல. துரை எதைச் சொன்னாலும் சரி என்பார். துரைசாணிக்கும் சரி, பெரியம்மாவுக்கும் சரிதான். அந்த மனிதர் மறுநாள் காலையில் சீனி போட்ட தேத்தண்ணியைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் சாயத்தண்ணியைக் குடித்தார். காலையில் கேழ்வரகு மாவில் சுட்ட ஒரு குரக்கன் ரொட்டி. மத்தியானம் சின்னக் கோப்பையில் அளந்த சோறு. மற்றபடி போஞ்சி, கோவா மாதிரிக் காய்கறி, ஓடைக்கரையில் நானே பறித்து வந்த வல்லாரை. சாயங்காலம் நடை. முதல் வாரம் மலைப்பாதை வளையும் ஸ்டோர் முடக்கு வரைக்கும்தான் போக முடிந்தது. அடுத்த வாரம் அதற்கு மேலே ஒரு முடக்கு.

ஐந்தாம் நாளே பங்களாக் குசினியில் அவர் புட்டிங் கரண்டியை நக்கிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். அவர் மறைக்கவில்லை. "இன்னைக்குத் தோத்துட்டேன். நாளைக்குப் பாத்துக்குவோம்" என்று சொல்லி, மிச்சத்தை என்னிடம் நீட்டினார். இன்னும் கொஞ்சம் அடிக்கடி தோற்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

மூன்று மாதத்தில் சட்டை தொளதொளத்தது. குழாயில் செங்கல் நிறம் மஞ்சளாயிற்று. லயத்தில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. செய்வினை என்றார்கள், காசநோய் என்றார்கள். தண்ணி பிடிக்கும் பீலியில் பெண்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் பெரியம்மா அழுதுகொண்டு வந்தாள். புருசனுக்குச் சோறு போடாதவள் என்ற பேர் தனக்கு வந்துவிட்டது என்றாள்.

பெரியப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "நான் செத்துப் போனா அவுங்க வந்து ஒனக்குச் சோறு போடுவாங்களா?" என்று கேட்டார். 

அந்தச் சமயத்தில்தான் பெரிய கங்காணி வீட்டுக் கல்யாணம் வந்தது. அவர் வீட்டுப் பந்தியில் போதும் என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை. பெரியப்பா இரண்டு கைச் சோறும் நிறையக் கூட்டும் சாப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் நான் மூன்றாவது வடையில் இருந்தேன். கங்காணியே பாயச வாளியோடு வந்து நின்றார். பெரியப்பா இரண்டு கையையும் விரித்து இலையை மூடினார்.

"என்னாப்பா, நம்ம வீட்டுச் சாப்பாடு பங்களா வாய்க்கு எறங்கலையோ?"

பந்தியே எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் வடையை இலையிலேயே வைத்துவிட்டேன். கங்காணி நினைத்தால் எந்தக் குடும்பத்தையும் தோட்டத்தில் நிம்மதியாக இருக்க விடமாட்டார் என்பது எனக்கும் தெரியும்.

"சாப்பாடு நல்லாருக்குங்க. எனக்கு இவ்வளவுதாங்க. நீங்க ஊத்துனாலும் நான் தொட மாட்டேங்க" என்றார் பெரியப்பா. குரல் உயரவில்லை. கையையும் எடுக்கவில்லை.

சாப்பிடாதவனுக்குப் பந்தி எதற்கு என்று கங்காணி கேட்டார். பிள்ளைகளை வாழ்த்த வந்தேன் என்று சொன்ன பெரியப்பா, வரிசையில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். கங்காணி வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். பெரியப்பாவை அவ்வளவு உயரமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கை கழுவுமிடத்தில் எதிர்க் காம்பரா அத்தை நின்றிருந்தாள். கொழுந்து எடுக்கிறவள், நான்கு பிள்ளைகள். முந்தானையில் சோற்றைப் பொட்டலமாக முடிந்து வைத்திருந்தாள். பெரியப்பாவைப் பார்த்ததும் அவள் குரல் உடைந்தது.

"எங்க லயத்துல வயிறு ரொம்புன ஆளு நீங்க ஒருத்தர்தாண்ணே இருந்தீங்க. ஒங்களப் பாத்தாவது மனசு ஆறும். அதையும் வேணாம்னுட்டீங்களே."

பெரியப்பா தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

கங்காணி ஒன்றும் செய்யவில்லை. பங்களா ஆளை அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த பொங்கலுக்குள் குழாய் பச்சைக்கு வந்தது. கடைசிவரை நீலத்துக்குப் போகவே இல்லை. பெரியம்மா அவருடைய சட்டைகளையெல்லாம் பிரித்து, புது உடம்புக்கு அளவாகத் தைத்துக் கொடுத்தாள். பெரியப்பா என் கல்யாணத்தையும் பார்த்து, என் மூத்த மகனையும் தோளில் சுமந்தார்.

கங்காணி வீட்டுக் கல்யாணத்திலிருந்து அன்று நானும் பெரியப்பாவும் ஏற்றத்தில் திரும்பி நடந்தோம். அவர் ஓரிடத்திலும் மூச்சு வாங்க நிற்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. கங்காணிக்குச் சொன்னது போல அந்த அத்தைக்கும் நறுக்கென்று பதில் சொல்லியிருக்கலாமே என்றேன்.  இன்னொரு முறையும் கேட்டேன். அவர் என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெரிய கங்காணிக்கே பதில் சொன்ன மனிதர், கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணுக்கு ஏன் பயந்தார் என்று யோசித்துக்கொண்டே நான் லயம் வந்து சேர்ந்தேன்.