யோகம் அன்ரியின் ஐந்து மணிக் கேள்வி

மெல்பேர்ன் நோபல் பார்க்கிலிருந்து, அன்ரியின் பக்கத்து வீட்டுச் சாந்தி அழைத்தபோது சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். "யோகம் அன்ரி போயிட்டா, அண்ணா. காலமை போய்ப் பாத்தா, குசினிக் கதிரையில இருந்தபடியே..." சமையலறை நாற்காலியிலேயே உயிர் பிரிந்திருக்கிறது. ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அன்ரியை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். இலங்கையிலிருந்து படகில் வந்து தற்காலிக விசாவில் காலம் தள்ளும் குடும்பங்களை ஒன்றுக்கொன்று துணையாகக் கோத்து வைத்திருந்தவர் அவர். அந்த வலைப்பின்னலால் உண்மையில் என்ன மாறியது என்று மதிப்பிட, நிதி கொடுத்தவர்கள் சிட்னியிலிருந்து அனுப்பிய ஆள் நான்.

தினமும் மாலை ஐந்து மணிக்கு அன்ரி போனோடு உட்காருவார். எல்லா வீட்டுக்கும் ஒரே கேள்வி: "இண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்?" மீன்குழம்பு, பருப்பு, பாண். பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்த நான் அதைப் 'பொதுவான அரட்டை' என்று குறித்து ஒதுக்கிவிட்டேன். மகா புத்திசாலி!

ஒரு நாள் ஒருவர், "ஒண்டும் சமைக்கேல்லை" என்றார். அன்ரி உடனே அவருக்கு அடுத்த தெருக்காரரை அழைத்து, "அவற்ற வீட்டை ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாரும்" என்றார். அங்கே அந்த மனிதர் விசா மறுப்புக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பட்டினியாகக் கிடந்தார்.

நேரடியாகவே கேட்கலாமே என்றேன்.

"சுகமோ எண்டு கேட்டா எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம், தம்பி. சட்டி பொய் சொல்லாது."

அறிக்கையைத் திருத்தினேன். அந்தக் கேள்விக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கினேன். யார் யாரை அழைக்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தில் அன்ரியிடமிருந்து எல்லா வீடுகளுக்கும் கோடு போயிற்று. அவரை நோக்கி ஒரு கோடும் வரவில்லை. அதையும் பலம் என்றே எழுதினேன்.

போன வியாழக்கிழமை ஒரு அட்டவணையைச் சரிபார்க்க அவரை அழைத்தேன். பேச்சுக்கு, "என்ன அன்ரி, இன்னைக்கு என்ன சமையல்?" என்றேன்.

"ஒண்டும் சமைக்கேல்லை, தம்பி."

"சரி, ரெஸ்ட் எடுங்க. அந்த மூணாவது அட்டவணை..."

பொறுமையாகப் பதில் சொன்னார். மறுநாள் காலையில்தான் சாந்தியின் அழைப்பு.

அந்தப் பதிலுக்குப் பொருள் என்னவென்று பக்கம் பக்கமாக விளக்கியவன் நான். சாந்திக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பாவி, போடவில்லை.

இப்போது வீடுகளைப் பங்கிட்டு அழைக்கிறார்கள். அழைப்பவரை அழைக்கவும் ஓர் ஆள் உண்டு. சாந்தியை அழைப்பவன் நான். நேற்று, "புட்டும் கத்தரிக்காயும். நீங்க, அண்ணா?" என்றாள்.

அன்ரியிடமிருந்து என்னிடம் இருப்பது 'ஒண்டும் சமைக்கேல்லை, தம்பி' என்ற அந்த மூன்று சொற்கள்தான். ஐந்து மணியானால் காதில் விழுகின்றன. கூடவே, ரெஸ்ட் எடுங்க என்று நான் சொல்வதும் கேட்கிறது.