பை காணாத காசு

என் அண்ணனைக் கடையில் எல்லாரும் ‘லென்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அசல் பெயரைக் கேட்டால் முதலாளிக்கே ஒரு நிமிஷம் யோசனை வரும். பெருமையான பட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த லென்ஸால்தான் எங்கள் குடும்பம் இரண்டாகப் போயிற்று. அதைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. அவன் வாயைத் திறப்பதே அபூர்வம்.

அதற்கும் காரணம் தொழில்தான். பழைய அமெரிக்க வெள்ளி டாலர் காசுகளைப் பார்த்துத் தரம் சொல்வது அவன் வேலை. காசுக்கு மேல் குனிந்துகொண்டு பேசினால் எச்சில் தெறிக்கும்; தெறித்த இடம் நாளாவட்டத்தில் கரும்புள்ளியாக நின்றுவிடும். அதனால் மேஜையில் உட்கார்ந்ததும் உதட்டைப் பூட்டிவிடுவான். வீட்டுக்கு வந்தும் அந்தப் பூட்டைத் திறப்பதில்லை. என் வீட்டுக்காரர் போனபிறகு நான் அவனோடுதான் இருக்கிறேன். “சாப்பாட்டுல உப்பு சரியா?” என்று கேட்டால் தலை ஆடும். ஆமாம் என்றா, இல்லை என்றா? அதை நான்தான் தரம் பார்த்துக்கொள்ள வேண்டும்!

கடையின் மாடியில் அவனுக்கு ஒரு சின்ன அறை. ஜன்னல் இருக்கிறது, ஆனால் திரை எப்போதும் மூடியே இருக்கும். மேஜை மேல் கறுப்புத் துணி, அதன் மேல் ஒற்றை பல்பு விளக்கு, அவ்வளவுதான். காசை விளிம்பில் மட்டும் பிடிப்பான். காசின் முகத்தில் யார் விரலாவது பட்டுவிட்டால் வாடிக்கையாளர் என்றுகூடப் பார்க்காமல் முறைப்பான்.

அந்தக் காசில் ஒரு பக்கம் ஒரு பெண்ணின் தலை, மறுபக்கம் சிறகு விரித்த கழுகு. அவள் காதுக்கு மேலே இருக்கும் முடிதான் அந்தப் பக்கத்தில் உயரமான இடம். மறுபக்கத்தில் கழுகின் மார்பு. கை மாறிக் கை மாறிப் புழங்கினால் முதலில் தேய்வது இந்த இரண்டும்தான். வம்பு என்னவென்றால், காசு அடித்த அன்றைக்கு அச்சு பலமாக இறங்காவிட்டால் பதியாமல் போவதும் இதே இரண்டு இடங்கள்தான். ஆக, முடி மொழுக்கென்று இருந்தால் காரணம் இரண்டில் ஒன்று. ஊர் தேய்த்திருக்க வேண்டும், அல்லது அது பிறந்ததே அப்படியாக இருக்க வேண்டும். கடையில் இதை ‘ஸ்ட்ரைக்’ என்பார்கள். அண்ணன் ‘அடி’ என்பான். நல்ல அடி, சோப்ளாங்கி அடி என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவான்.

இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதற்கு வழி இருக்கிறது. விளக்குக்குக் கீழே காசை மெல்லச் சாய்க்க வேண்டும். புழங்காத வெள்ளியில் ஒளி, சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுற்றி ஓடும். தேய்ந்த இடம் வந்தால் அந்த ஓட்டம் அறுந்துவிடும்; அங்கே மட்டும் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருக்கும். அச்சு இறங்காத இடமானால் முடி இருக்காது, ஆனால் ஒளி நிற்காமல் அதன் மேலும் ஓடும். இதற்கு வெறுங்கண்தான் வேண்டும். லென்ஸ் அப்புறம். லென்ஸை முதலில் வைத்தால் முடி இருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியும், ஒளி ஓடுகிறதா என்பது தெரியாது. பட்டப்பெயர் லென்ஸாக இருந்தாலும் கடையில் அவன் அதை எடுப்பது கடைசியில்தான்.

வீட்டில் ஒரே ஒரு தடவை முதலில் எடுத்தான்.

எங்கள் அப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஒரு பயணத்தில் காய்ச்சலாகக் கிடந்த மாலுமி ஒருவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக் காப்பாற்றினாராம். அவன் இறங்கும்போது ஒரு வெள்ளி டாலரை அப்பா கையில் வைத்து, இது யார் பையிலும் இருந்ததில்லை, காசு அச்சடிக்கும் இடத்து மூட்டையிலிருந்து நேராக வந்தது என்று சொன்னானாம். அப்பா அதைக் காகிதத்தில் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். எங்களுக்கும் காட்ட மாட்டார். “பை காணாத காசு. உங்க கை பட்டா கெட்டுப்போகும்” என்பார். அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத்தான் அண்ணனுக்குக் காசுப் பைத்தியமே பிடித்தது.

அப்பா படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொண்டது தம்பியின் மனைவி. குளிப்பாட்டியது, ஊட்டியது, துணி மாற்றியது எல்லாம் அவள்தான். நானோ அண்ணனோ இல்லை. பெட்டிச் சாவியும் அவள் இடுப்பில்தான் இருந்தது, ஏனென்றால் அப்பாவின் மருந்தும் அதே பெட்டியில் இருந்தது.

அப்பாவின் காரியங்கள் முடிந்த பிறகு பெட்டியைத் திறந்தோம். காகிதத்தைப் பிரித்தால் காசு விளிம்பெல்லாம் கறுத்துக் கிடந்தது. அண்ணன் அழுது அழுது கண் வீங்கியிருந்தவன், சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தான். மேலே டியூப்லைட். காசைச் சாய்க்கவில்லை, திருப்பவில்லை. காதுக்கு மேலே பார்த்தான், கழுகின் மார்பைப் பார்த்தான்.

“இது புழங்கின காசு. அப்பா வெச்சிருந்தது இது இல்ல” என்றான்.

“நல்லாப் பார்த்தியா அண்ணா?” என்று நான் கேட்டேன்.

“எனக்கே சொல்லித் தர்றியா?”

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிற ஆள் என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டோம். பேசாதவன் பேசினால் அது தீர்ப்பு. அவன் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, எல்லார் கண்ணும் சாவி வைத்திருந்தவள் பக்கம் திரும்பிவிட்டது. அவள், “நான் எடுக்கல” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த மாதமே இருவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். தம்பி எப்போதாவது போனில் பேசுவான். அண்ணன் உடம்பு எப்படி, உன் முட்டிவலி எப்படி என்பான். அவளைப் பற்றி நான் கேட்டால் “ம், இருக்கா” என்பான். பின்னணியில் தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். எத்தனையோ வருஷம் இப்படியே ஓடிவிட்டது. அந்தக் காசு என் பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. அண்ணன் அதைத் தொட்டதே இல்லை. திருடியதற்குப் பதிலாக வைத்த பொருள் என்று அவனுக்கு அதன் மேல் ஒரு அருவருப்பு.

போன மாதம் ஒருநாள் முற்பகலிலேயே வீட்டுக்கு வந்து நின்றான். கையில் கடை விளக்கு. முகத்தில் ரத்தமே இல்லை.

“என்னாச்சு? மயக்கமா?”

“அப்பா காசை எடு.”

நடந்ததைப் பிறகு முதலாளி சொல்லித்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். யாரோ ஒருவர் விற்க ஒரு டாலர் கொண்டுவந்திருக்கிறார். அப்பா காசின் அதே வருஷம், அச்சடித்த இடத்தைக் காட்டும் அதே சின்ன எழுத்து. அந்த வருஷமும் எழுத்தும் சேர்ந்த காசு அவன் மேஜைக்கு அதுவரை வந்ததே இல்லையாம். முதலாளி எட்டிப் பார்த்து, “முடியெல்லாம் போயிடுச்சே, தேய்மானம்தானே?” என்றிருக்கிறார். அண்ணன் காசைச் சாய்த்து, “இல்ல முதலாளி. அடி சரியா விழல. ஒளி எங்கேயும் அறுபடல பாருங்க” என்றிருக்கிறான். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டதாம். விளக்கைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

நான் காசை எடுத்துக் கொடுத்தேன். அவன் ஜன்னல்களைச் சாத்தினான், சாப்பாட்டு மேஜையில் என் கறுப்புச் சால்வையை விரித்தான், விளக்கைப் போட்டான். நான் பக்கத்தில் நின்றுகொண்டு என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? தேய்ந்தே இருக்கட்டும் கடவுளே என்று! தேய்ந்திருந்தால் நாங்கள் நியாயஸ்தர்கள். தேயாமல் இருந்தால் எங்கள் அப்பாவுக்கு மலம் அள்ளிய பெண்ணுக்கு நாங்கள் திருடி என்று பட்டம் கட்டியவர்கள். அந்த நேரத்தில் மனசு தன் சௌகரியத்தைத்தான் பார்க்கிறது, சீ!

அவன் சாய்த்தான். விளிம்புக் கறுப்புக்கு அடியிலிருந்து ஒளி கிளம்பி, கன்னத்தில் ஏறி, காதுக்கு மேலே அந்த மொழுக்கான இடத்தில் நிற்காமல் வழுக்கி, நெற்றியைத் தாண்டிப் போயிற்று. திருப்பிக் கழுகைச் சாய்த்தான். அங்கேயும் ஓடிற்று. எனக்கே தெரிந்தது. பை காணாத காசுதான். அப்பா சொன்ன காசுதான்.

“லென்ஸ் வெச்சிட்டேன்டி. முதல்லயே லென்ஸ் வெச்சிட்டேன்” என்றான். காசுக்கு மேலேயே குனிந்து பேசினான். அவன் கண்ணீர் மேஜையில் விழுந்தது.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அதைச் சொல்லிக்காட்ட எனக்கு வாய் துடித்தது. அவன் இருந்த இருப்பைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் இருவரும் பஸ் ஏறினோம்.

தம்பி குடியிருப்பது மாடி வீடு, ஏறுவதற்கு இரும்புப் படி. கதவைத் திறந்தவள் எங்களைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. “வாங்க மாமா, வாங்கக்கா” என்று சொல்லி, நாற்காலியில் கிடந்த வெட்டுத் துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். தலை பாதி நரைத்திருந்தது. தம்பி உள்ளேயிருந்து வந்து, யார் செத்தது என்று கேட்கிற முகத்தோடு நின்றான்.

அண்ணன் உட்காரவில்லை. காகிதத்தைப் பிரித்து, “இது அப்பா காசுதான். யாரும் மாத்தல. நான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றான். அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசியது அவ்வளவுதான் இருக்கும்.

தம்பிக்குப் புரியவில்லை. “முடி தேஞ்சிருக்குன்னு சொன்னியே?” என்றான். அண்ணன் அவனைத் தையல் மெஷின் பக்கம் கூட்டிப்போனான். ஊசிக்கு மேலே ஒரு சின்ன பல்பு இருந்தது. காசை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சாய்ப்பது என்று காட்டினான். தம்பி சாய்த்தான், ஒன்றும் தெரியவில்லை. இன்னும் மெதுவாகச் சாய்த்தான். பிறகு அவன் தோள் இரண்டும் தளர்ந்துவிட்டன.

“ஓடுது” என்றான். “நிக்காம ஓடுது.”

இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அவன் அவளை முழுசாக நம்பவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் காசைப் பார்க்கக் கிட்டே வரவில்லை. சுவரோரமாகவே நின்றுகொண்டு, “மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள்.

“கேளும்மா.”

“ஒளி ஓடாம இருந்திருந்தா?”

அண்ணன் விழித்தான்.

“அந்தக் கப்பல்காரன் பழைய காசைப் புதுசுன்னு சொல்லி மாமனார் கையில கொடுத்திருக்கலாம் இல்லையா? அவரும் நம்பிப் பெட்டியில வெச்சிருக்கலாம். காசு நிஜமாவே தேஞ்சிருந்தா, நான் சாகுறவரைக்கும் திருடிதானே?”

அடேயப்பா, இது எங்கள் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லையே! காசு புதியதா பழையதா என்று மாய்ந்துபோனோம். பழையதாகவே இருந்தாலும் அவள் எடுத்தாள் என்று ஆகிவிடுமா? அண்ணன், “அதை நான் யோசிக்கவே இல்லம்மா” என்று சொல்லி, அவளைப் பார்த்துக் கை கூப்பினான். என் அண்ணன் யாருக்கு முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

“ஐயோ, கையை இறக்குங்க மாமா. பெரியவங்க இப்படிச் செய்யக்கூடாது” என்றாள். குரலில் கோபம் இல்லை. தேடி வந்து சொன்னீங்களே, அது போதும் என்றுகூடச் சொன்னாள். நான்தான் அழுதேன்.

தம்பி காசைக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். “என்னையும் மன்னிச்சிடு” என்றான். “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சிட்டேன்.”

அவள் அவனை நன்றாக ஏறிட்டுப் பார்த்தாள்.

“அவர் காசை ஒரே ஒரு தடவை பார்த்துட்டுத் தப்பாச் சொன்னார். நீங்க என்னைத் தினமும் பார்த்தீங்க” என்றாள்.

அண்ணன் வெளியே போய் இரும்புப் படியில் உட்கார்ந்துகொண்டான். நான் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன்.