கல்யாணக் காலை ரவிக்கை

இலஞ்சியில் தையல்கடை வைத்திருக்கும் எப்சிபா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். மன்னிக்க மட்டும் மாட்டாள். சர்ச்சில் ஊர்கூடிச் சாப்பிடும் அசன விருந்தில், அத்தனை பேர் நடுவில், அவள் கணவனின் அக்கா கிறிஸ்டி சொன்னது அப்படி.

"ஊமையப் பெத்து வச்சிருக்கா. எந்நேரமும் மெஷினையே கட்டிட்டு அழுதா பிள்ளைக்கு எப்படிப் பேச்சு வரும்?"

மறுவாரமே மகன் ஜெய்டனைத் தென்காசிக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனாள். அங்கே மருந்து மாத்திரை இல்லை, விளையாட்டுதான். தாயும் தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும். சோப்புக் குமிழி ஊதும் பபிள்ஸ் டப்பாவை மூடியபடி தன் வாயருகே பிடித்து, "சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிள்ளையிடமிருந்து ஒரு சத்தமாவது வந்தால்தான் மூடியைத் திறக்கலாம். வீட்டிலும் தினமும் அதே விளையாட்டு. அடுத்த சாரல் சீசனில் "ஊது" என்றான். அப்புறம் அவன் வாய் ஓயவே இல்லை.

கிறிஸ்டி தன் மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தாள். எப்சிபா தைத்து முடித்தும், வேண்டுமென்றே கல்யாணக் காலை வரை கொடுக்கவில்லை. கிறிஸ்டியே ஓடிவந்தாள்.

"சீக்கிரம் தாட்டி, வண்டி நிக்குது."

எப்சிபா ரவிக்கைக் கவரைத் தன் வாயருகே தூக்கிப் பிடித்தாள்.

"எம்பிள்ளைய ஊமைன்னு சொன்னியளே மதினி. அது தப்புன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. வெளியே கார் ஹாரன் அலறியது. கிறிஸ்டி வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கவருக்குக் கை நீட்டினாள்.

தரையில் பொம்மை உருட்டிக்கொண்டிருந்த ஜெய்டனுக்கு இந்த விளையாட்டு நன்றாகத் தெரியும். அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"சொல்லு அத்த. சும்மா ஒரு சத்தம் போடு, அம்மா தந்துருவா."