வாலண்டைனின் பூட்டு

மலேசியாவின் மூவார் நகரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் பாதுகாப்பு லூசியின் பொறுப்பு. அறுக்கும் மெஷினைத் துடைக்கிறவர், வேறு யாரும் அதை ஓட்டிவிடாதபடி, முதலில் சுவிட்சில் தன் பூட்டைப் போட வேண்டும். போட்டவரேதான் திறக்க வேண்டும். இதில் எப்பேர்ப்பட்ட கொம்பனுக்கும் அவள் விட்டுக்கொடுத்ததில்லை.

அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த அவள் கணவர் வாலண்டைன் ஒருநாள் அப்படிப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்; நெஞ்சுவலி வந்து அங்கேயே இறந்துபோனார். அடக்கம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோதும் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஆர்டரெல்லாம் நிக்குது லா. பூட்டை வெட்டிடலாமா?" மேனேஜர் விஜயேந்திரன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"யாரும் தொடக்கூடாது! போட்டவங்கதான் திறக்கணும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது; போட்டவர் இனி வரமாட்டார். வாலண்டைனின் சட்டைப்பையில் கிடைத்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள்.

மெஷின்காரர் சுவிட்சைப் போட வந்தார். அதற்குள் லூசி அதே இடத்தில் தன் பூட்டை மாட்டிவிட்டாள்; இனி அவள் திறந்தால்தான் மெஷின் ஓடும்.