கெண்டைக்காலிலிருந்து உதட்டுக்கு

ஓருரோ நகரில் பெண்கள் மட்டுமே வாசிக்கும் பித்தளை வாத்தியக் குழுவில் எடெல்மிரா டிரம்பெட் ஊதுகிறவள். கன்னத்தில் வந்த கட்டியை அறுத்து எடுத்தபோது, அதோடு பின்னிக் கிடந்த முகநரம்பின் ஒரு கிளையும் போய்விட்டது. உயிருக்குப் பயமில்லை. ஆனால் வாயின் இடதுபக்கம் தொங்கிப்போனது. ஊதினால் காற்றெல்லாம் அந்த ஓரமாக ஓடியது. கார்னவல் திருவிழா ஊர்வலத்தில் அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள். எடெல்மிரா சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள்.

கொச்சபாம்பா நகரில் டாக்டர் உர்கிடி என்ற பெண்மணி ஒரு வழி சொன்னார். கெண்டைக்காலில் தோலுணர்ச்சிக்கென்றே ஒரு நரம்பு ஓடுகிறது. அதில் ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் அறுந்த இடத்தில் இணைக்கலாம். நடை கெடாது, பாதத்தின் வெளியோரம் மட்டும் மரத்துப்போகும்.

முதலில் ஸ்கேன். எடெல்மிரா குப்புறப் படுத்தாள். குளிர்ந்த பசையைத் தடவி, டாக்டர் கருவியை வெளிக்கணுக்காலின் பின்னாலிருந்து மேலே நகர்த்தினார். திரையில் இரண்டு வட்டங்கள் ஒட்டிக்கொண்டு வந்தன.

"இப்ப அமுக்குறேன், பாருங்க. நசுங்கி மறையுதே, அது ரத்தக்குழாய். பக்கத்துல தேன்கூடு மாதிரி அசையாம நிக்குது பாருங்க, அதுதான் நம்ம நரம்பு."

வலது காலில் அது இரண்டு இழையாகப் பிரிந்தே வந்து கணுக்காலருகில்தான் சேர்ந்தது. இடது காலில் கெண்டைச் சதையிலேயே ஒன்றாகி, நீளமாக இறங்கியது. இடதையே எடுக்கலாம் என்றார் டாக்டர்.

மினிபஸ் ஓட்டும் கணவன் காசியானோ திரையை எட்டிப் பார்த்தான். "பதினெட்டு வருஷமா கூட இருக்கேன். உனக்குள்ள தேன்கூடு இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியாடி?"

"சொல்லியிருந்தா நக்கியிருப்பே," என்றாள் அவள், பாதி வாயால். டாக்டரே சிரித்துவிட்டார்.

அறுவை நடந்தது. நரம்பு மெள்ளத்தான் வளரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மாதங்கள் போயின. பாதத்தோரத்தில் செருப்பு உரசிப் புண்ணானதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ரத்தத்தைப் பார்த்துக் காசியானோதான் பதறினான். முகத்திலோ ஒன்றுமில்லை. கால் போனதுதான் மிச்சமோ என்று ஒருநாள் அழுதாள்.

குளிர்காலம் முடிகிற சமயம், சூடான சோளக்கஞ்சியான ஆபியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவளின் இடது உதட்டோரம் லேசாகத் துடித்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஊதிப் பார்த்தாள். மறுபடியும் துடித்தது.

அடுத்த கார்னவலில் மூன்றாம் வரிசையில் நின்று தணிந்த சுரங்களை மட்டும் ஊதினாள். உச்சத்துக்குப் போனால் இன்னும் காற்று கசிகிறது. தினமும் காலையில் பயிற்சி செய்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.